நீல ரிப்பன் ஜெயித்த வியாழக்கிழமை

அத்தியாயம் 9

"இன்னொரு ஸ்கோன் எடுத்துக்கோ கண்ணு" என்று ஐலீன் ட்ரூப் தட்டை நீட்டினாள்.

டார்சி பூனுக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. எடுத்துக்கொண்டான். பூசணிக்காய் போட்ட ஸ்கோன், குட்டி பன் மாதிரி, மேலே வெண்ணெய், சுடச்சுட. சோதனைக்கூடத்தில் சாப்பிடக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. ஐலீன் அதற்காகவே வெளி வராந்தாவில் ஒரு மேசை போட்டு வைத்திருந்தாள்.

அவனுடைய பாஸ் வெர்னா ஹாலோரன் எதையும் தொடவில்லை. அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். டார்சிக்கு நேர் எதிர்.

மாநிலத் தாவர நோய்த் தடுப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவு என்று அவர்கள் அறைக் கதவில் பெரிதாக எழுதியிருக்கும். பிரிவில் மொத்தமே இரண்டு பேர். மூளை வெர்னாவுடையது. வண்டி ஓட்டுவதும், பூட்ஸ் கழுவுவதும், யாரும் கேட்காத நேரத்தில் ஜோக் அடிப்பதும் டார்சியின் இலாகா.

"ஐலீன்" என்றாள் வெர்னா, மடியில் இருந்த தாளைத் தட்டி. "உன் சோதனைப் பொறி நோய்க்குப் பேரு சொல்லும்போது கூடவே ஒரு மார்க்கும் போடுதே, எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு. அத்தீலியோவோட மாதிரிக்கு ஏன் இவ்வளவு கம்மியா போட்டிருக்கு?"

"கம்மிதான். ஆனா பேரு வந்துச்சே."

"பேரு வந்துச்சுன்னா போதுமா?"

"பட்டியல்ல முதல் பேரு அதுதான் வெர்னா. சொறிநோய். நான் என்ன பண்ணட்டும், பொறியோட சண்டையா போடறது?"

அந்த ஒரு பேரால்தான் அத்தீலியோ பெர்கமினின் தோட்டம் திங்கட்கிழமை காலையில் எரியப்போகிறது. கடற்கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே, டெல்காராவில், ஆற்றை ஒட்டிய கமலா ஆரஞ்சுத் தோட்டம். அறுவடை ஆரம்பித்திருந்த நேரம். இலையில் புள்ளி இருக்கிறது என்று அவரேதான் வெர்னாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் இலையைப் பறித்து இங்கே அனுப்பினாள். இங்கேயிருந்து சொறிநோய் என்று பதில் போனது. அந்த நோய் இந்த நாட்டிலேயே இல்லாத நோய். அப்படியென்றால் யாரோ வெளிநாட்டிலிருந்து ஒட்டுக்கட்ட மரக்குச்சி கடத்தியிருக்க வேண்டும்.

அத்தீலியோ போன வருஷம்தான் அண்ணனைப் புதைக்க இத்தாலிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார், கையில் ஒரு பெட்டியோடு. ஊருக்கு அது போதுமாக இருந்தது. பழம் பறிக்க வருபவர்கள் நின்றார்கள். பேக்கரிக்காரி அவருக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, கை படாமல் தள்ளிக் கொடுத்தாள்.

நேற்று புல்டோசரை லாரியிலிருந்து இறக்கியபோது டார்சி அங்கே இருந்தான். அத்தீலியோ சத்தம் போடவில்லை. டோசர் ஓட்டி வந்தவனுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "வேற என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார் டார்சியிடம். அந்த வார்த்தை அவன் வயிற்றில் இன்னும் கல்லாகக் கிடந்தது. மூன்று ஸ்கோனுக்கும் அது அசையவில்லை.

"பாஸ், எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் அவன். "பாக்டீரியாவோட கொழுப்பைப் பார்த்துத்தான் பொறி பேரு சொல்லுதாமே. அதுக்கு எங்கேயிருந்து கொழுப்பு வந்துச்சு? பாவம், கண்ணுக்கே தெரியாத ஜீவன்."

"அதோட தோல்ல இருக்கு கண்ணு" என்றாள் ஐலீன். இந்தக் கேள்வி கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். "ஒவ்வொரு ஜாதிக்கும் ஒவ்வொரு கலவை. இந்த அமிலம் இவ்வளவு, அந்த அமிலம் இவ்வளவுன்னு. தட்டுல வளர்த்து, வழிச்சு எடுத்து, கொழுப்பை மட்டும் பிரிச்சு பொறியில விட்டா மலை மலையா கோடு போட்டுத் தரும். அந்த மலையைப் பார்த்து இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிடும்."

"அப்ப என்னை உள்ளே விட்டா?"

"உனக்கு இருக்கிற கொழுப்புக்குப் பொறி புகைஞ்சிடும்" என்றாள் வெர்னா, தலையைத் தூக்காமல்.

ஐலீன் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். "ஒரே விஷயம். எல்லாத்துக்கும் ஒரே சாப்பாடு போடணும், ஒரே சூட்டுல வைக்கணும், ஒரே வயசுல எடுக்கணும். சரியா ஒரு நாள். அதுக்கு மேல போனா கிழடு தட்டிப்போய்க் கலவை மாறிடும்."

டார்சி கை துடைக்க எதையாவது தேடி எழுந்தான். ஜன்னலுக்கு உள்பக்கம், பொறிக்கு மேலே, ஒரு நீல ரிப்பன் தொங்கியது. தங்க எழுத்து. பூசணி ஸ்கோன், முதல் பரிசு.

"ஐலீன்! சொல்லவே இல்லையே! விவசாயக் கண்காட்சியில ஜெயிச்சதா?"

"பின்னே? மத்தவங்க எல்லாம் டப்பாவில அடைச்ச பூசணி போடறாங்க. எனக்கு அது ஆகாது."

"எந்த வருஷம்?"

"இந்த வருஷம்தான். போன வாரம்."

ஏதோ கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தான். வெர்னாவின் மடியிலிருந்து தாள் நழுவியிருந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"போன வாரம் எந்தக் கிழமை?" என்றாள்.

"வியாழக்கிழமை. எங்க ஊர்ல கண்காட்சி நாள் எப்பவும் வியாழன்தானே. லீவு."

வெர்னா மெதுவாக எழுந்தாள். டார்சிக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் தன் கண்காட்சிக்கென்று தனி விடுமுறை. டெல்காராவில் அது போன மாதமே முடிந்துவிட்டது. ஒரு ஊர் கதவைப் பூட்டிக்கொண்டு ஆட்டுக்கிடாய்க்கு மார்க் போடும் நாளில் அடுத்த ஊர்க்காரன் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான்.

"ஐலீன், கோபப்படாதே. அத்தீலியோவோட மாதிரியை நீ எப்பத் தட்டுல ஏத்தினே?"

"புதன்கிழமை காலையில."

"வியாழக்கிழமை காலையில நீ எங்க இருந்தே?"

"கண்காட்சியில. ஸ்கோன் பக்கத்துல. நீதிபதி வர்றதுக்குள்ள வெண்ணெய் உருகிடக் கூடாதுன்னு விசிறிக்கிட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கை தானாகப் போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்ற அலிபியால் தப்பித்தவர்களை டார்சி பார்த்திருக்கிறான். அலிபியாலேயே மாட்டிக்கொண்ட ஆள் இவள்தான். வாய் வரைக்கும் வந்த ஜோக்கை அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினான்.

"வெள்ளிக்கிழமை காலையில எடுத்தேன்" என்றாள் ஐலீன், குரல் இறங்கி. "ஒரு நாள்தானேன்னு... நல்லா கொழுகொழுன்னு வளர்ந்திருந்துச்சு வெர்னா. பொறியும் பேரு சொல்லிடுச்சு. கடவுளே, அந்த மனுஷனுக்கு நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?"

"இன்னும் ஒண்ணும் ஆகல. இலையிலிருந்து முதல்ல எடுத்து வளர்த்த கிருமி பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"இப்பவே மறுபடி ஏத்து. நாளைக்கு இதே நேரம் எடு. லீவா இருந்தாலும் வா."

"படுக்கையைக் கொண்டுவந்து இங்கேயே போட்டுக்கறேன்."

வாசல் வரை போன வெர்னா திரும்பினாள். அவள் எப்போதும் வாசல் வரை போய்த்தான் திரும்புவாள்.

"அன்னிக்கு அதே அடுக்குல வேற என்ன தட்டு இருந்துச்சு?"

"ஒண்ணுதான். டெஸ் ஃபெனலியோட நர்சரி இலை. அத்தீலியோவுக்கு வேலிக்கு அந்தப் பக்கம். அது சுத்தம்னு வந்துச்சே, நீதானே கையெழுத்துப் போட்டே."

"அதையும் சேர்த்துப் பாத்துடு. எதையும் பாதியில விட வேண்டாம்."

டார்சி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போட்டான். "பாஸ், கேஸை உடைச்சது ஒரு ஸ்கோன். என் தொப்பைக்கும் இதுல பங்கு உண்டுன்னு எழுதிடுங்க."

வெர்னா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

*

சனிக்கிழமை மதியம். ஐலீன் நேற்றைய உடுப்பிலேயே இருந்தாள். பொறி முனகி முடித்து முதல் தாளைத் துப்பியது.

அவள் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு டார்சியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

"சொறிநோய் இல்ல! இது அதோட ஒண்ணுவிட்ட தம்பி. இலையில நாலு புள்ளி வைக்கும், குளிர் வந்தா தானா போயிடும். மார்க்கைப் பாரு, எவ்வளவு உசரம்! அத்தீலியோ மேல ஒரு தப்பும் இல்ல!"

டார்சி வராந்தாவுக்கு ஓடிப்போய் யாருமில்லாத தெருவைப் பார்த்துக் கத்தினான். ஒரு நாய் பதில் சொன்னது. இரண்டு நாளாக வயிற்றில் கிடந்த கல் காணாமல் போயிருந்தது. பசிகூட எடுத்தது.

திரும்பி வந்தபோது உள்ளே இரண்டு பெண்களும் பொறிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். பொறி இரண்டாவது தாளையும் கொடுத்து முடித்திருந்தது. வெர்னா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"என்ன பாஸ், காதல் கடிதமா?"

"வண்டியை எடு."

ஐலீன் ஜன்னலுக்குப் போய் நீல ரிப்பனைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

டெல்காராவுக்கு நீண்ட பயணம். டார்சி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். பேக்கரிக்காரி மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்றான், அதுவும் கிரீம் வைத்த பன்னோடு. பழம் பறிக்கத் தானே இரண்டு நாள் லீவு போட்டு வருவதாகச் சொன்னான்.

"முதல்ல அந்த டோசர்காரனுக்கு ஒரு போன் போடணும் பாஸ். திங்கக்கிழமை வேலை இல்ல, வீட்டுக்குப் போய்த் தூங்குடான்னு."

"வேண்டாம். அவன் இருக்கட்டும்."

"எதுக்கு?"

வெர்னா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பு முடிந்து காய்ந்த புல்வெளி ஆரம்பித்திருந்தது.

"அந்தத் தட்டு ரெண்டுமே கிழடு தட்டினதுதானே டார்சி. வயசானதுல ரெண்டும் ஒண்ணு மாதிரி ஒண்ணு ஆயிடுச்சு. பொறிக்கு அடையாளம் தெரியல. ரெண்டுக்கும் தப்பான பேரு வெச்சுடுச்சு."

வண்டி தானாக வேகம் குறைந்தது. டார்சி கால் எடுத்தது அவனுக்கே தெரியவில்லை.

"டெஸ்ஸா?"

"டெஸ்தான். சொறிநோய் அவர் நர்சரியில இருக்கு. சந்தேகமே இல்லாத மார்க்."

"சரி, அப்ப டெஸ்ஸோட கன்னுங்களைத்தானே எரிக்கணும்? அத்தீலியோவை எதுக்கு..." சொல்லும்போதே விதி ஞாபகம் வந்துவிட்டது. அவனே எத்தனையோ தோட்டக்காரர்களுக்கு ஒப்பிக்கும் விதி. நோய் இருக்கும் இடத்தைச் சுற்றி அறுநூறு மீட்டர். அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஆரஞ்சு ஜாதி மரம் ஒவ்வொன்றும் போக வேண்டும். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நடுவில் இருப்பது ஒரு கம்பி வேலி. அத்தீலியோவின் தோட்டம் முழுக்க அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

"அந்த ரெண்டாவது தட்டை யாரும் கேக்கல பாஸ்" என்றான். கொஞ்சம் கோபமாகவே வந்தது. "நீங்களாதான் கேட்டீங்க."

"ஆமா."

"அந்தத் தாளைக் ஜன்னல் வழியா விட்டுட்டா? காத்து வேற நல்லா அடிக்குது."

"நானும் அதைத்தான் இவ்வளவு தூரமா யோசிச்சுக்கிட்டு வர்றேன்." அவள் குரலில் திட்டு இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "நான் சுத்தம்னு கையெழுத்துப் போட்டப்புறம் டெஸ்ஸோட லாரி எங்கெங்க போயிருக்கோ தெரியாது. இந்த ஆத்தங்கரை முழுக்க ஆரஞ்சுதான் டார்சி. எத்தனை அத்தீலியோ இருக்காங்க, எண்ணிப் பாரு."

அவன் எண்ணிப் பார்க்கவில்லை. ஜோக் ஏதாவது வருகிறதா என்று தேடினான். ஊர் வரும் வரைக்கும் ஒன்றும் வரவில்லை.

*

அவர்கள் போனபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மரமெல்லாம் பழம், பறிக்க ஆளில்லாமல் கிளை தொங்கியது. வாசலில் மஞ்சள் புல்டோசர். அதன் இருக்கையில் அத்தீலியோவின் பூனை படுத்திருந்தது.

அத்தீலியோ ஏணியை ஒரு மரத்தில் சாய்த்து, காய்ந்த குச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சாகப்போகிற மரத்துக்குக் கவாத்து.

"சும்மா இருக்க முடியல" என்றார், கேட்காமலே. "ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சு" என்றாள் வெர்னா. "இறங்கி வாங்க அத்தீலியோ."

"இங்கேயே சொல்லுங்க. விழுந்தா நேரா விழுந்துடறேன்."

"உங்க தோட்டத்துல இருக்கிறது சொறிநோய் இல்ல. சோதனையில தப்பு நடந்திருக்கு. நீங்க எதையும் கொண்டு வரல. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா..."

அந்த 'ஆனா' அவர் காதில் ஏறவே இல்லை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினார் என்று டார்சிக்குத் தெரியவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். வெர்னாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அவர் முகத்தில் மண்ணும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தது.

"நான் சொன்னேன்ல! பெட்டியில அண்ணனோட கோட்டு மட்டும்தான்னு சொன்னேன்ல! ஒருத்தன் நம்பல. டெஸ் மட்டும்தான், டெஸ் ஒருத்தன்தான் தினமும் வேலி தாண்டி வந்து என்கூட உக்காந்தான். இருங்க, அவனுக்குத்தான் முதல்ல சொல்லணும்."

"அத்தீலியோ, கொஞ்சம் இருங்க, இன்னும் ஒண்ணு..."

அவர் வீட்டுக்குள் ஓடிவிட்டார். அறுபது தாண்டிய மனிதர் அப்படி ஓடுவதை டார்சி பார்த்ததில்லை. உள்ளேயிருந்து போன் பேசும் சத்தம் கேட்டது, பாதி இத்தாலிய மொழியில், பாதி அழுகையில்.

"பாஸ், போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் வெர்னா. ஆனால் நகரவில்லை. அத்தனை தோட்டங்களில் அத்தனை பேருக்குச் செய்தி சொன்னவள், சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டு நின்றாள். டார்சிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தானும் உள்ளே போகவில்லை என்பதைக் கவனித்தான்.

டெஸ் ஃபெனலி வேலியை அழுத்திக்கொண்டு தாண்டி வந்தார். பெரிய உடம்பு, பெரிய தொப்பி. ஒரு கையில் மண்வெட்டி. இன்னொரு கையில் கறுப்புத் தொட்டியோடு இடுப்புயர ஒட்டுக்கன்று.

"கிழவா! எங்கடா இருக்கே?" என்று தூரத்திலிருந்தே கத்தினார். அத்தீலியோ வெளியே ஓடி வந்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். கன்று இருவருக்கும் நடுவில் நசுங்கியது.

"பாத்து, பாத்து! என் பிள்ளையைக் கொன்னுடாதே" என்று டெஸ் சிரித்துக்கொண்டே விலகினார். "இந்தா, உனக்குத்தான். நீ ஜெயிச்சதுக்கு. வழுவழுன்னு தோல், ஒரு விதை கிடையாது. இந்த நாட்டுல வேற ஒருத்தன்கிட்டயும் இந்த வகை இல்ல, தெரியுமா? லாரி லாரியா கேக்கறானுங்க. முதல் மரம் உன் மண்ணுல நிக்கணும்னு வெச்சிருந்தேன்."

வெர்னா டார்சியைப் பார்த்தாள். டார்சி வெர்னாவைப் பார்த்தான். இந்த நாட்டில் வேறு ஒருவரிடமும் இல்லாத வகை என்றால், வெளிநாட்டிலிருந்து கடத்தி வந்தது. அவர்கள் இத்தனை நாளாகத் தேடிய ஆள் தானாகவே வேலி தாண்டி வந்து, சிரித்த முகத்தோடு சாட்சியைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"டெஸ்" என்றாள் வெர்னா. "அதைக் கீழே வைங்க. மெதுவா."

ஆனால் கன்று ஏற்கெனவே அத்தீலியோவின் கைக்குப் போயிருந்தது. அவர் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, தோட்டக்காரன் புத்திப்படி முதலில் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம், நரம்பை ஒட்டி, பழுப்பாக நாலைந்து மரு. ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம். கட்டை விரலால் தடவினார். சொரசொரவென்று இருந்திருக்க வேண்டும். தன் இலையிலிருந்த புள்ளி இப்படி இல்லை என்று ஒரு வாரமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து உடனே போகவில்லை. அது எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. வெர்னாவைப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம்?" என்றார்.

"அறுநூறு மீட்டர்."

அவர் திரும்பித் தன் வரிசைகளைப் பார்த்தார். கடைசி வரிசைக்கு அப்பால் ஆறு மின்னியது. அளக்க வேண்டிய அவசியமே இல்லை.

"வேற வழி ஏதாவது..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். வெர்னா தலையை அசைத்தாள்.  அந்த மனிதர் தன்னை அடித்திருந்தால்கூடத் தேவலை என்று டார்சிக்குத் தோன்றியது.

"அப்ப நான் பண்ணலைங்கறதையாவது ஊர்ல சொல்லுவீங்கல்ல?"

"நானே போய்ச் சொல்றேன். வீடு வீடா."

"என்னய்யா முணுமுணுப்பு? சந்தோஷமான நாள்ல எழவு வீட்டு மூஞ்சியோட நிக்கறீங்க" என்றார் டெஸ். மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். "சொல்லு கிழவா. எங்க நடலாம்? வாசல்லயா, கிணத்துப் பக்கமா?"

அத்தீலியோ கன்றைப் பத்திரமாக அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க வேணா நடு டெஸ்" என்றார். "திங்கக்கிழமை வரைக்கும்தானே."

ஏதோ ஜோக் என்று நினைத்து டெஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே குழி தோண்ட ஆரம்பித்தார்.